திரைக்கதையில் வழுவும் வழுவமைதியும்

தமிழிலக்கண நூலார் சொற்குற்றங்களை ஆராயுமிடத்து வழாநிலை, வழு என்னும் இரண்டோடு அமையாது, வழுவமைதி என மூன்றாவதொன்றையும் வகுத்தனர். பசுவொன்று தொழுவத்தை நோக்கி வரக்கண்ட ஒருவன் உவகை மிகுதியால் 'என் அம்மை வந்தாள்' என்கின்றான். அஃறிணைப் பொருளை உயர்திணையாற் கூறியது வழுவே. எனினும் உவப்பு என்னுங் காரணம்பற்றி அதனை அமைத்துக்கொள்ளுதல் இலக்கண மரபு. பிழையைப் பிழையென்று கண்டபின்னரும், அஃது யாது காரணம்பற்றி நிகழ்ந்ததென வினவி, காரணந் தக்கதாயின் ஏற்றுக்கொள்ளும் இம்முறை கதை கூறுங் கலைகள் அனைத்துக்கும் பயன்படத்தக்கது. சிறப்பாக, இருபதாம் நூற்றாண்டிலே வளர்ந்து மக்கள் மனத்தைப் பெரிதுங் கவர்ந்துகொண்ட திரைப்படத்துக்கு அது மிகவும் வேண்டப்படுகின்றது.

படம் பார்த்து மீள்வோர் தம்முள் நிகழ்த்தும் உரையாடலிற் பெரும்பங்கு வழுத்தேடலேயாம். 'அந்தக் கடிதத்தை முன்னரே காட்டியிருக்கலாமே', 'கண்டவுடனே அடையாளம் தெரிந்திருக்க வேண்டுமே' என்னும் வினாக்கள் யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளின் வாயிலிலே தொடங்கி வீட்டுப் படலைவரை வந்தமை முதியோர் பலரும் அறிந்தது. அக்காலத்தில் அவ்வினாக்களுக்கு நினைவு ஒன்றே சான்று. ஓடி முடிந்த சுருளை மீட்டுப் பார்க்கும் வாய்ப்புப் பார்வையாளருக்கு இருந்ததில்லை. இன்றோ கையடக்கத் தொலைபேசியில் எக்காட்சியையும் நிறுத்தியும் பின்னோட்டியும் வேண்டியவாறு காணலாம். அதனால் வழுத்தேடல் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஒரு படத்தின் குறைகளை எண்ணிக்கையிட்டுக் கூறுவதே திறனாய்வு என மாணவர் சிலர் கருதுகின்றனர். வேறு சிலர், 'கதைதானே, அதற்குத் தருக்கம் எதற்கு?' என்று வாயடைக்கின்றனர். முன்னவர் வழுவமைதியை அறியாதவர். பின்னவர் வழு என்பதொன்று உண்டென்பதையே மறந்தவர். எவ்வழு அமையும், எவ்வழு அமையாது என்பதை இருசாராரும் வினவுவதில்லை.

இவ்வினா திரைப்படத்தோடு பிறந்ததன்று. நிகழக்கூடியதாயினும் நம்பவியலாத ஒன்றைக் காட்டிலும், நிகழவியலாததாயினும் நம்பத்தக்கதாகத் தோன்றும் ஒன்றையே கவிஞன் மேற்கொள்ளவேண்டும் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. அறிவுக்கொவ்வாத பகுதி தவிர்க்கவியலாதாயின் அது நாடகத்தின் புறத்தே கிடத்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் ஈடிப்பசு மன்னன் கதை. தனக்கு முன் ஆண்ட மன்னன் எங்ஙனம் இறந்தான் என்பதை ஈடிப்பசு நெடுங்காலம் வினவியறியாதிருந்தது நம்பத்தக்கதன்று. ஆயின் அவ்வறியாமை நாடகந் தொடங்குமுன்னரே நிகழ்ந்து முடிந்தது. பார்ப்போர் அதனைத் தரப்பட்ட பொருளாக ஏற்றுக்கொண்டு மேலே செல்கின்றனர்.

பிற்காலத்து ஆங்கிலத் திறனாய்வாளர்க்கு, விபுலாநந்த அடிகள் 'செகசிற்பியார்' எனத் தமிழ்ப்படுத்திய பெருங்கவிஞரின் ஒதெல்லோ நாடகம் இவ்வகையிற் பெருவிருந்தாயிற்று. 1693 இல் தோமஸ் றைமர், ஒரு கைக்குட்டைக்காக இத்துணைப் பெருந்துன்பமா என்று அதனை எள்ளினார். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோன் வில்சன் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் அந்நாடகத்தில் இருவகைக் காலம் ஓடுவதைக் காட்டினார். சைப்பிரசுத் தீவிலே நிகழ்வனவற்றை மணிக்கணக்கிற் கூட்டிப் பார்த்தால், டெஸ்டிமோனா பிழை செய்தற்கு வேண்டிய பொழுதே இல்லை. உரையாடல்களோ நாட்கள் பல கழிந்தன என்னும் உணர்வைத் தருகின்றன. அரங்கில் இருப்பவனுக்கு இம்முரண் தோன்றுவதில்லை. ஏட்டைப் புரட்டிக் கணக்கிடுபவனுக்கே தோன்றுகின்றது. 1933 இல் எல். சீ. நைற்ஸ், மக்பெத்தின் மனைவிக்குப் பிள்ளைகள் எத்தனை என்னும் வினாவையே தலைப்பாக இட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். விடை கூறுவது அவர் நோக்கமன்று. பாத்திரங்களை அண்டை வீட்டாராகப் பாவித்து அவர்தங் குடும்ப வரலாற்றைத் துருவும் போக்கை நகையாடுவதே அத்தலைப்பின் நோக்கம்.

தமிழ் மரபிலும் இதற்கு அடிப்படை உண்டு. தொல்காப்பியர் அகத்திணை கூறுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைச் சேர்த்துரைத்தார். சுவை பயப்பனவற்றையெல்லாம் ஒருவழித் திரட்டிக் கூறுவதே நாடக வழக்கு என்னும் கருத்துப்பட இளம்பூரணர் விளக்குவர். உலகிலே இத்துணைச் செறிவாக எதுவும் நிகழ்வதில்லை. நிகழ்ந்தனபோலத் தொகுக்குமிடத்து இடைவெளிகள் உண்டாதல் இயல்பு. அவ்விடைவெளி ஒவ்வொன்றையும் குற்றமெனக் கொள்ளின் நாடக வழக்கே இல்லையாய் முடியும்.

வழுவென்று கூறப்படுவன யாவும் வழுவாதலும் இல்லை. ஓர்சன் வெல்ஸ் 1941 இல் ஆக்கிய 'சிற்றிசன் கேன்' என்னும் படத்தில் பெருஞ்செல்வனாகிய கேன் இறக்குந் தறுவாயில் 'றோஸ்பட்' என்று ஒரு சொல்லை உச்சரிக்கின்றான். கையிலிருந்த கண்ணாடிக் குண்டு விழுந்துடைகின்றது. அதன்பின்னரே தாதி கதவைத் திறந்து உள்ளே வருகின்றாள். அச்சொல்லின் பொருளைத் தேடிச் செய்தியாளன் ஒருவன் அலைவதே படத்தின் எஞ்சிய பகுதி. தனியே இறந்தவன் கூறிய சொல்லைக் கேட்டவர் யார் என்னும் வினா பன்முறை எழுப்பப்பட்டுள்ளது. அதனை எழுப்பியோர் தாம் ஏதோ பெருங்களவைக் கண்டுபிடித்தாற்போல மகிழ்தலும் உண்டு. ஆயின் படத்தின் இறுதிக்கு அண்மையில், மாளிகையின் ஊழியர் தலைவனாகிய றேமன்ட், தான் அச்சொல்லைக் கேட்டதையும் கண்ணாடிக் குண்டு விழுந்ததையும் செய்தியாளனுக்குத் தெளிவாகக் கூறுகின்றான். முதற்காட்சியில் அவனுருவங் காட்டப்படவில்லை, அவ்வளவே. தன்னிடமுள்ள செய்திக்கு ஆயிரம் டொலர் விலை பேசும் இவன் வாக்கு எத்துணை நம்பத்தக்கது என ஒருவர் ஐயுறலாம். அவ்வையம் படத்தின் கருத்தோடு ஒட்டியது. ஒரு மனிதனைப் பற்றிப் பிறர் கூறுவனவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதே அங்கு ஆராயப்படும் பொருள்.

உண்மையாகவே இடைவெளி கிடக்கும் படத்துக்கு 'த பிக் சிலீப்' தக்க உதாரணம். றேமன்ட் சாண்ட்லர் 1939 இல் வெளியிட்ட துப்பறியும் நாவலைத் தழுவி ஹவார்ட் ஹொக்ஸ் இயக்கியது அது. திரைக்கதை எழுதிய மூவருள் ஒருவர் நாவலாசிரியர் வில்லியம் போக்னர். கதையிலே செல்வக் குடும்பமொன்றின் காரோட்டி கடலுள் வீழ்ந்த காரினுள்ளே பிணமாகக் கிடக்கின்றான். அவனைக் கொன்றவர் யார், அன்றி அவன் தானே இறந்தானா என்பது விளங்கவில்லை. படப்பிடிப்பின்போது எழுந்த இவ்வையத்தைத் தந்தி மூலம் சாண்ட்லரிடமே கேட்டனர் என்றும், தமக்கும் தெரியாதென அவர் விடையிறுத்தார் என்றும் கூறுவர். சாண்ட்லரும் தம் கடிதமொன்றில் இதனைக் குறித்துள்ளார்.

இதனினும் வியப்பானது அதன்பின் நிகழ்ந்தது. படத்தின் முதல் வடிவம் 1945 இல் அமெரிக்கப் படைவீரர்களுக்குக் காட்டப்பட்டது. அதில் துப்பறிவோன் அரச வழக்குத் தொடுநரின் அலுவலகத்தில் இருந்து கொலைகளின் தொடர்பை விளக்கும் நீண்ட காட்சி ஒன்று இருந்தது. 1946 இல் பொதுமக்களுக்கு வெளியிட்டபோது அவ்விளக்கக் காட்சியை நீக்கிவிட்டனர். கதாநாயகனும் நாயகியும் குதிரைப் பந்தயத்தைச் சாட்டாக வைத்துக் குறும்பாகப் பேசும் காட்சி முதலிய சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தனர். கதை முன்னையினும் விளங்காததாயிற்று. படமோ முன்னையினும் நன்றாயிற்று. முதல் வடிவம் 1997 இல் மீட்டெடுத்து வெளியிடப்பட்டபோது இரண்டையும் ஒப்பிட்டவர்கள் இதனை நேரே கண்டனர். அந்தப் படத்தின் பொருள் கொலையாளி யார் என்பதன்று. ஒருவரையும் நம்பவியலாத நகரொன்றில் இருவர் ஒருவரையொருவர் நம்பத் துணிவதே அதன் பொருள். காரோட்டியின் சாவு அப்பொருளைத் தாங்கி நிற்கும் தூணன்று. அதனாலேயே அங்குள்ள வழு அமைகின்றது.

தூணுக்கருகிலேயே கிடக்கும் வழுவுக்கு அல்பிரட் ஹிச்கொக் 1958 இல் வெளியிட்ட 'வேர்ட்டிகோ' சான்று. உயரத்தைக் கண்டு அஞ்சும் நோயுடைய முன்னாட் பொலிசுத் துப்பறிவாளன் ஒருவனை, நண்பனொருவன் தன் மனைவியைப் பின்தொடருமாறு ஏவுகின்றான். மனைவியாக நடிப்பவள் வேறொருத்தி. மணிக்கூண்டின் உச்சியில் உண்மை மனைவியின் உடல் எறியப்படும்பொழுது, அச்சத்தால் ஏறமாட்டாது இடைப்படியில் நிற்பவன் அதனைத் தற்கொலை எனச் சாட்சி கூறுவான் என்பதே சூழ்ச்சி. அவன் எவ்வாறேனும் ஏறிவிட்டிருந்தால்? கொலைஞனும் அவன் துணைவியும் கூட்டத்தின் கண்ணிற் படாது கீழிறங்கியது எவ்வாறு? படத்தின் முதற்காட்சியிலேயே கூரைத் தகட்டைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தவன் எங்ஙனம் காப்பாற்றப்பட்டான் என்பதும் காட்டப்படவில்லை. அடுத்த காட்சியில் அவன் தோழியின் வீட்டில் அமர்ந்திருக்கின்றான். சூழ்ச்சியில் உள்ள குறை தம் மனத்தை உறுத்துவதாக ஹிச்கொக்கே பிரெஞ்சு இயக்குநர் திரூபோவுடன் 1962 இல் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் ஒப்புக்கொண்டார்.

அக்குறையை அவர் மூடிமறைக்க முயலவில்லை என்பது நோக்கற்பாலது. மூலமாகிய பிரெஞ்சு நாவல் மருமத்தை இறுதிவரை காத்து வைத்தது. ஹிச்கொக்கோ படம் முடிதற்கு நெடுநேரம் முன்னரே அதனைப் பார்வையாளருக்கு அவிழ்த்துவிட்டார். அதன்பின்னர்ப் பார்ப்போர் மனத்தில் எழும் வினா, கொலை நடந்த வகையைப் பற்றியதன்று. இறந்தவளென எண்ணியவளின் சாயலை மற்றொருத்திமேல் ஏற்ற முனையும் அவன், அவளே இவள் என்றறிந்தால் யாது செய்வான் என்பதே. தருக்கத்தின் எடையைத் தாங்கமாட்டாத இடத்திலிருந்து கதையின் பாரத்தை மெல்ல எடுத்து, தாங்கவல்ல வேறிடத்தில் வைத்துவிட்டார். வழுவை வழுவமைதியாக்குவதற்குப் படைப்பாளி செய்யத்தக்கது இதுவே.

இதுகாறும் மேனாட்டுப் படங்களிற் கண்டவற்றைத் தமிழ்ப் படங்களின்மேல் வைத்துப் பார்க்குமிடத்து, இங்கு எள்ளலுக்கு ஆளாகும் பல வழுக்கள் எளிதில் அமைந்துவிடுவனவாகவே தோன்றுகின்றன. 1965 இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' யில் கோழையாகிய இராமுவின் இடத்தில் வீரனாகிய இளங்கோ வந்து அமர்கின்றான். நேற்றுவரை நடுங்கியவன் இன்று சவுக்கெடுத்து அடிக்கின்றான். வீட்டார் ஒருவரேனும் இவன் வேறொருவனோ என ஐயுறவில்லை. ஐயுற்றிருந்தாற் கதை இல்லை. உருவொத்த இருவர் என்பதைத் தொடக்கத்திலேயே தந்துவிட்டமையால் இஃது ஈடிப்பசு கதையின் வகையைச் சார்ந்தது. மேலும், அடக்கப்பட்டவன் ஓரிரவில் அஞ்சாதவனாக எழவேண்டும் என்னும் விருப்பமே அக்கதைக்கு உயிர். விருப்பத்தைக் கதையாக்குமிடத்துச் சான்று கேட்பார் இல்லை.

'பராசக்தி' (1952) இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இரங்கூனிலிருந்து சகோதரியின் திருமணத்துக்கு வந்த குணசேகரன், பொருளிழந்து பித்தன்போல நடித்து, கைம்பெண்ணாகி வருந்தும் அவள் அருகிலேயே தான் யாரென்று கூறாது திரிகின்றான். இறுதியில் அவள் குற்றவாளியாக நிற்கும் நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருப்பவர் அவர்களுடைய மூத்த தமையன். இத்துணை நேர்ச்சிகள் ஒரே குடும்பத்தில் எப்படிக் கூடின என்று கேட்போர் இன்றும் உளர். யப்பானியர் பர்மாவைத் தாக்கிய 1942 ஆம் ஆண்டிலே பெருந்தொகையான இந்தியர் கால்நடையாகவே தப்பியோடியமையும், அவர்தங் குடும்பங்கள் சிதறுண்டமையும் வரலாறு. பிரிவு என்னும் அளவில் அக்கதை உலகியலை விட்டு அகன்றதன்று. தமையனே நீதிபதியாதல் நாடக வழக்கு. ஆயின் அந்நேர்ச்சி கதையை முடித்துவைப்பதற்காக மாத்திரம் வந்ததன்று. உடன்பிறந்தாளை அறியாது அவளுக்குத் தீர்ப்புக்கூற அமர்ந்திருக்கும் சட்டம் என்னும் காட்சியே அப்படத்தின் வழக்குரை. குணசேகரனின் மௌனத்தை அவ்வளவு எளிதாக அமைத்தல் இயலாது. வறுமையால் நாணினான் என்று கூறினும், தங்கை பசித்திருக்க வாய்திறவாதிருந்தமை அவன் இயல்போடு நன்கு பொருந்தவில்லை. அவனது நாவன்மை அக்குறையை மறைத்துவிடுகின்றது.

'புதிய பறவை' (1964) தருக்க வழுவைக் கருவாகவே கொண்டு புனையப்பட்டது. 'சேஸ் எ குரூக்கெட் ஷடோ' என்னும் 1958 ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தின் கரு, 1963 இல் 'சேஷ் அங்க' என வங்கத்துக்கு வந்து, பின்னர்த் தமிழுக்கு வந்தது. இறந்துபோன முதல் மனைவி சித்திரா உயிருடன் வந்து நிற்கின்றாள். இவள் அவளல்லள் என்று கோபால் எவ்வளவு கதறியும் எவரும் நம்பவில்லை. ஈற்றில் அவள் இறந்தது தனக்கு எவ்வாறு தெரியும் என்பதை அவனே வாய்விட்டுக் கூறிவிடுகின்றான். உடனே, சூழ நின்றோர் பொலிசார் என்பது வெளிப்படுகின்றது. கணவனையே திகைக்கவைக்குமளவுக்கு ஒப்புமையுள்ள ஒருத்தியைப் பொலிசார் பெற்றமை அரிதினும் அரிது. சட்டங் கற்றவர்க்கு மற்றொரு தடை தோன்றும். அக்காலத்து நடைமுறையிலிருந்த 1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிசு அலுவலரிடம் ஒருவன் அளித்த குற்ற ஒப்புதலை அவனுக்கெதிராக நிறுவுதல் இயலாது. இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே எண்ணுடைய பிரிவு அதனையே கூறுகின்றது. இத்தனை பாடுபட்டு விரித்த வலையில் அகப்பட்ட மீனை நீதிமன்றம்வரை கொண்டுசெல்வதே ஐயத்துக்குரியது. எனினும் கோபாலை வீழ்த்துவது சட்டமன்று. தன்னைக் காதலித்தவள் தன்னை ஆராய வந்தவள் என்றறியும் அக்கணமே அவனுக்குத் தீர்ப்பு. அக்கணத்துக்கு 25 ஆம் பிரிவு குறுக்கே நிற்கவில்லை.

இவ்வாறு ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டு சென்றால் அமையாத வழுவென ஒன்று உண்டோ என்னும் ஐயம் எழும். உண்டு, அது பெரும்பாலும் பார்ப்போர் நகையாத இடத்திலே, கண்ணீர் விடும் இடத்திலே கிடக்கின்றது. ஏ. பீம்சிங் இயக்கி 1961 இல் வெளிவந்த 'பாலும் பழமும்' இதனைத் தெளிவாகக் காட்டும். நடிப்பாலும், கண்ணதாசனின் பாடல்களாலும், விசுவநாதன் இராமமூர்த்தி இசையாலும் அப்படம் இன்றும் போற்றப்படுவது, அப்போற்றுதல் தகுதியுடையதே. வைத்தியர் இரவி புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். தாதியாகிய சாந்தி அவருடைய ஆராய்ச்சிக்குத் துணைநின்று பின் மனைவியாகின்றாள். அவளைக் காசநோய் பற்றுகின்றது. ஆராய்ச்சியை மறந்து அவர் அவளருகிலேயே இருக்கின்றார். தன்னால் அவர் தொண்டு கெடுகின்றதெனக் கருதிய சாந்தி ஒருவருக்கும் அறிவியாது வீட்டைவிட்டுப் போகின்றாள். புகைவண்டி விபத்தில் அவள் இறந்தாளென நம்பப்படுகின்றது. இரவி நளினியை மணக்கின்றார். பின்னர்க் கண்பார்வை இழக்கின்றார். நோய்நீங்கித் திரும்பிய சாந்தி, நீலா என்னும் வேறு பெயருடன் தாதியாக வந்து அவருக்குப் பணிசெய்கின்றாள்.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் கைவைப்பது கடைசிப் பகுதியிலேயாம். கண்ணிழந்தவனுக்குச் செவி கூர்மை பெறும் என்பர். மனைவியின் குரலை நாள்தோறுங் கேட்டும் இவளே அவளென அவன் துணியாதது எங்ஙனம் என்று அவர் வினவுவர். இவ்வினாவுக்கு விடை கூறுவது அரிதன்று. அவளை இறந்தவளென உறுதியாக நம்பும் ஒருவன், அவள் குரலை எங்குங் கேட்பதாக உணர்ந்தாலும் அதனைத் தன் மனமயக்கம் என்றே கொள்வான். பார்வையில்லாத கணவனும் பெயரை மறைத்த மனைவியும் ஓரறையில் இருத்தல் பழைய நாடகங்களின் மாறுவேட மரபைச் சார்ந்தது. அங்கு சுவை மிகுதி, வழு அமைகின்றது.

நடுப்பகுதியே அமையாதது. சாந்தி நோயறியாத பேதைப்பெண் அல்லள். மருத்துவமனையிலே பயின்ற தாதி. ஆராய்ச்சியாளனுக்குத் துணைநிற்கும் அறிவுடையாள் என்பதாலேயே இரவி அவளை மதிப்பதாக முற்பகுதி காட்டுகின்றது. அத்தகையாள் தன் நோயின் இயல்பையும், அதற்கு மருந்துண்டென்பதையும் அறியாதவளாகப் பிற்பகுதியில் மாற்றப்படுகின்றாள். ஐசோனியாசிட் என்னும் மருந்து 1952 முதலே காசநோய்க்கு வழங்கப்பட்டது. 1956 இல் சென்னையிலே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை அதனைக் கூடி நடத்தின. சனற்றோறியத்தில் ஓராண்டு தங்கி மருந்துண்டவரையும் வீட்டிலிருந்தே அதே மருந்துகளை உண்டவரையும் அந்நிலையத்தார் ஒப்பிட்டனர். வீட்டுச் சிகிச்சை பெரும்பாலும் ஒத்த பயனைத் தருகின்றது என்றும், அதனால் உடனுறைவோர்க்குத் தொற்று மிகுவதில்லை என்றும் 1959 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, உலகெங்குங் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியமைத்தது. படம் வெளிவந்தது அதற்கு ஈராண்டு பின்னர், அதே நகரத்திலிருந்து.

இதனை எடுத்துக்காட்டுவது படத்தை மருத்துவப் பாடநூலாக்குவதற்கன்று. கற்பனைக் கதை செய்தித்தாளைப் பின்பற்ற வேண்டுவதில்லை; காசநோயை வேறெந்த நோயாக மாற்றினும் வழு அங்கேயே இருக்கும். சாந்தியின் பிரிவு அவளுடைய இயல்பிலிருந்து பிறக்கவில்லை. கதையின் தேவையிலிருந்தே பிறந்தது என்பதே வழு. தன்னை ஒருவர் பராமரிக்க, கணவன் ஆராய்ச்சிக்கூடம் திரும்ப வேண்டும் என்று வற்புறுத்த அவளுக்கு வாயுண்டு. முற்பகுதியில் அவள் அவரிடம் பேசத் தயங்கியவள் அல்லள். ஓருரையாடலால் தீரத்தக்கதைத் தீராததாக்குதற்கு அவளது அறிவு அவளிடமிருந்து பறிக்கப்படுகின்றது. அக்கணத்திலேயே இசை எழுகின்றது. பார்ப்போர் கண் கலங்குகின்றது. வினவவேண்டிய இடத்தில் ஒருவரும் வினவுவதில்லை. 'த பிக் சிலீப்' படத்தில் இடைவெளி தூணுக்கு அப்பாற் கிடந்தது. இங்கோ அதன்பின் வரும் துயரம் முழுவதும் அவ்விடைவெளியின்மேலேயே கட்டப்பட்டுள்ளது.

ஆராயாது செய்த ஒரு செயலின்மேற் பெருங்காப்பியமே எழுந்ததில்லையா என்று இதற்கு எதிருரை கூறலாம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்விக்கின்றான். சிலம்பைக் கொணர்வித்து உடைத்துப் பார்த்திருந்தாற் கோப்பெருந்தேவியின் சிலம்பிலே முத்தும் கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கமும் இருத்தல் அப்பொழுதே வெளியாகியிருக்கும். கோவலனும், இணைச்சிலம்பு மனைவியிடம் உண்டென்று உரத்துக் கூறவில்லை. தருக்கத்தால் நோக்கின் இஃதும் ஓருரையாடலால் தீர்ந்திருக்கத்தக்கதே. ஆயின் இளங்கோவடிகள் மன்னன் ஆராயாமையைக் குற்றமென்று அறிவார், அறிந்தே வைத்தார். வழக்குரை காதை முழுவதும், முன்பு கேட்கப்படாத அவ்வினாவைப் பின்பு அவைநடுவே கேட்பதாகும். மாணிக்கம் தெறித்தவுடன் மன்னன் தன் பிழையைத் தானே கூறி உயிர்விடுகின்றான். கதையின் இடைவெளியென ஒருவர் சுட்டக்கூடியதே அங்குக் கதையின் பொருளாகிவிட்டது. 'பாலும் பழமும்' அவ்வாறு செய்யவில்லை. சாந்தியின் மௌனத்தை அது ஆராயத்தக்க பிழையாகக் கருதாது, பெண்மையின் உயர்வென்று வாழ்த்துகின்றது. அவள் மறைந்தமையால் நளினி என்னும் மற்றொருத்தியின் வாழ்வும் சிக்குண்டது. அதற்கும் சாந்தி விடைகூற வேண்டியவளாகக் காட்டப்படவில்லை.

இத்தகைய இடங்களைப் பழைய நாடகாசிரியர் திருத்திக்கொண்ட முறை அறியத்தக்கது. மகாபாரதத்துச் சகுந்தலை கதையில் துஷ்யந்தன் அவளை அறிந்தும் அறியாதவன்போல் முதலில் மறுக்கின்றான். அம்மன்னனைக் காதற்றலைவனாக வைத்து நாடகம் எழுதப்புகுந்த காளிதாசருக்கு அம்மறுப்புப் பெருந்தடையாயிற்று. அவனது காதலை மெய்யென்றால் மறுப்புப் பொருந்தாது, மறுப்பை மெய்யென்றால் காதல் பொருந்தாது. துர்வாச முனிவரின் சாபத்தையும் மோதிரத்தையும் புகுத்தி அவர் அதனைத் தீர்த்தார். சாபம் உலகியலில் இல்லாதது. எனினும் மன்னன் இயல்பு சிதையவில்லை. நிகழவியலாத ஒன்றைக் கொண்டு நம்பவியலாத ஒன்றை நீக்கிய அச்செயலை அரிஸ்டோட்டில் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

'பாலும் பழமும்' கதைக்குச் சாபமும் வேண்டியதில்லை. ஒரு காட்சி போதியதாயிருந்தது. சாந்தி தாதியின் அறிவோடு கணவனிடம் பேசவேண்டும்: மருந்துண்டு, காலம் எடுக்கும், என்னைப் பார்க்க வேறொருவர் போதும், நீர் ஆராய்ச்சிக்குச் செல்லும் என்று. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த இரவி, மனைவியையும் நோய்க்குக் கொடுக்க அஞ்சி, அவள் சொல்வது சரியென்று அறிந்தும் மறுக்கவேண்டும். ஒருமுறையன்று, இருமுறை மும்முறை மறுக்கவேண்டும். அதன்பின் ஓரிரவில் அவள் கதவைத் திறந்து வெளியேறியிருப்பாளாயின், புகைவண்டி விபத்தையோ கண்ணிழந்தவன் செவியையோ பற்றி எவரும் வாய்திறந்திரார்.